ஊரை விட்டு நகர முடியாத பெயர்கள்: பிரான்ஸின் வெள்ளாட்டுப்பால் சீஸ்கள்

பிரான்ஸில் சீஸ் கடைக்குப் புதிதாகப் போகிறவருக்கு ஒரு குழப்பம் காத்திருக்கும். சாம்பல் பூசிய உருளை வடிவச் சீஸ்கள் இரண்டு அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் உறையில் 'சேந்த்-மோர்' என்றும் மற்றதில் 'சேந்த்-மோர் த தூரேன்' என்றும் எழுதியிருக்கும். இரண்டும் வெள்ளாட்டுப்பாலில் செய்தவை. நிறமும் நீளமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டாவதை வெட்டினால் நடுவில் நீளவாக்கில் ஒரு வைக்கோல் தண்டு இருக்கும். அதை உருவித் துடைத்துப் பார்த்தால், அதன்மேல் சீஸின் பெயரும் செய்தவரின் அடையாள எண்ணும் லேசரால் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும்.

'த தூரேன்' என்றால் 'தூரேன் பகுதியைச் சேர்ந்த' என்று பொருள். அந்த ஒட்டு இருக்கும் சீஸுக்குச் சட்டக் காவல் உண்டு, இல்லாததற்குக் கிடையாது. இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2022 ஜூனில் மீண்டும் பேச்சைத் தொடங்கியபோது, வணிக ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, புவிசார் குறியீடுகளுக்கென்று தனிப் பேச்சு வைத்தார்கள். ஒரு தின்பண்டத்தின் பெயருக்கு நாடுகள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன என்று அப்போது பலரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேட, பிரான்ஸின் வெள்ளாட்டுப்பால் சீஸ்களைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அவை சிறியவை, விலை மலிவானவை, பல காலம் ஏழை வீடுகளின் உணவாக இருந்தவை. அப்படிப்பட்ட பொருளுக்கு ஏன் காவல் என்று பார்க்கும்போதுதான் இந்த ஏற்பாட்டின் உள்கட்டுமானம் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் சொற்கள்

நம் செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் 'புவிசார் குறியீடு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஐரோப்பாவில் அது ஒரு சொல் அல்ல. வெவ்வேறு கடுமை கொண்ட படிகள்.

1. ஏ.ஓ.சி. 'கட்டுப்படுத்தப்பட்ட பிறப்பிடப் பெயர்' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம். இது பிரான்ஸ் தன் நாட்டுக்குள் தரும் அங்கீகாரம்.

2. ஏ.ஓ.பி. 'காக்கப்பட்ட பிறப்பிடப் பெயர்'. அதே பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் கிடைக்கும் காப்பு. சிவப்பும் மஞ்சளும் கலந்த வட்ட முத்திரை இதற்குரியது. ஆடு வளர்ப்பது, பால் கறப்பது, சீஸ் செய்வது, பதப்படுத்துவது ஆகிய எல்லாமே குறிக்கப்பட்ட எல்லைக்குள் நடக்க வேண்டும்.

3. ஐ.ஜி.பி. 'காக்கப்பட்ட புவிசார் குறியீடு'. நீலமும் மஞ்சளும் கலந்த முத்திரை. இங்கே ஒரு கட்டமாவது அந்தப் பகுதியில் நடந்தால் போதும்.

ஏ.ஓ.சி. என்பது வாசல், ஏ.ஓ.பி. என்பது கூடம். இரண்டுக்கும் இடையே சில ஆண்டுகள் ஆகலாம். லியோன் நகருக்குத் தெற்கே பிலா மலைப்பகுதியில் செய்யும் 'ரிகோத் த கோந்திரியூ' 2009-இல் ஏ.ஓ.சி. பெற்றது, ஏ.ஓ.பி. கிடைத்தது 2013-இல். 2012 தொடக்கத்திலிருந்து, ஐரோப்பியப் பதிவு பெற்ற சீஸ்கள் பிரான்ஸிலும் ஏ.ஓ.பி. என்றே குறிக்கப்பட வேண்டும். ஒயின் மட்டும் இதற்கு விலக்கு. பழைய சமையல் நூல்களில் ஏ.ஓ.சி. என்றும் இன்றைய உறையில் ஏ.ஓ.பி. என்றும் இருப்பதற்குக் காரணம் இதுதான். தரம் கூடியதாகவோ குறைந்ததாகவோ அதற்குப் பொருள் இல்லை.

பால் சீஸாகும் வழி

சட்டத்துக்குள் போவதற்கு முன் பாத்திரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது. விதிகள் எதைக் கட்டுப்படுத்துகின்றன என்பது அப்போதுதான் புரியும்.

வெள்ளாட்டுப்பால் பசும்பாலைவிட வெளுப்பாக இருக்கும். பசும்பாலுக்கு இளமஞ்சள் தருவது கரோட்டின். வெள்ளாடு தீனியில் கிடைக்கும் கரோட்டினைத் தன் உடலிலேயே வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுவதால் அதன் பாலிலும் சீஸிலும் அந்த மஞ்சள் இல்லை. அந்தப் பாலுக்கே உரிய வாடைக்கும் ஒரு காரணம் உண்டு. கப்ரோயிக், கப்ரிலிக், கப்ரிக் என்ற மூன்று கொழுப்பு அமிலங்கள் அதில் கூடுதல். மூன்று பெயர்களுமே வெள்ளாட்டைக் குறிக்கும் 'கப்ரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை.

பிரான்ஸின் வெள்ளாட்டுப்பால் சீஸ்களில் பெரும்பாலானவை புளிப்பால் திரளுகிறவை. நம் வீடுகளில் பாலுக்கு உறை ஊற்றுவதும் இதுவும் அடிப்படையில் ஒரே வேலைதான். வேலை நடக்கும் முறை இது:

1. கறந்த பால் சூடாக்கப்படாமல், ஏறக்குறைய 20 டிகிரி வெப்பத்தில் வைக்கப்படும். முந்தைய நாள் சீஸிலிருந்து வடிந்த நீரில் கொஞ்சம் எடுத்து அதில் சேர்ப்பது பண்ணைகளில் பழைய வழக்கம். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுவது போல.

2. கன்றுக்குட்டி அல்லது ஆட்டுக்குட்டி இரைப்பையிலிருந்து கிடைக்கும் ரென்னெட் என்ற நொதி மிகச் சிறிதளவு சேரும். முக்கிய வேலையைச் செய்வது அதுவல்ல; லாக்டிக் அமிலப் பாக்டீரியா.

3. ஒரு நாள் அல்லது அதற்குக் கூடுதலாகப் பால் அசையாமல் கிடக்கும். அமிலநிலை பி.எச். 4.6-ஐ ஒட்டி வரும்போது கேசின் புரதம் திரண்டுவிடும்.

4. திரண்டதை உடையாமல் கரண்டியால் அள்ளி, துளையிட்ட அச்சுகளில் இடுவார்கள். தன் எடையாலேயே நீர் வடியும், அழுத்துவது கிடையாது.

5. உப்பிடுவார்கள். சில வகைகளுக்கு மரக்கரித் தூளும் சேரும். அது மேற்பரப்பின் புளிப்பைத் தணித்து, நல்ல பூசணம் வளர இடம் தரும்.

6. குளிர்ந்த, ஈரமான அறையில் நாட்கணக்கில் வைத்துப் பதப்படுத்துவார்கள். மேலே சுருக்கம் விழுந்த தோல் உருவாகும். அந்தச் சுருக்கத்தைத் தருவது ஜியோட்ரிகம் என்ற நுண்ணுயிர்.

இதில் காய்ச்சுவது என்ற படியே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பால் பச்சையாக இருப்பதால்தான் அந்தப் பண்ணையின் நுண்ணுயிர்களும் அந்த மேய்ச்சலின் மணமும் சீஸுக்குள் வந்து சேர்கின்றன. ஏ.ஓ.பி. பெற்ற வெள்ளாட்டுப்பால் சீஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பச்சைப்பால் கட்டாயம். இதற்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பச்சைப்பால் சீஸ்களில் லிஸ்டீரியா, சில வகை ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கும் வாய்ப்பு இருப்பதால், கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று பிரான்ஸ் அரசே அறிவுறுத்துகிறது. மரபு என்ற பெயரில் இதை மறைப்பது சரியல்ல.

பருவமும் ஒரு பொருட்டு. வெள்ளாடு இயல்பாகப் பகல் குறையும் இலையுதிர் காலத்தில் சினை பிடிக்கிறது. ஐந்து மாதம் கழித்துக் குட்டி போடுகிறது. ஆகவே இயற்கைக் கணக்கில் பால் வசந்தத்தில் பெருகி, குளிர்காலத்தில் வற்றிவிடும். கடைகளோ ஆண்டு முழுவதும் சரக்கு கேட்கின்றன. கொட்டகையில் செயற்கை விளக்குகளால் பகல் நீளத்தைப் போலச் செய்து ஆடுகளின் பருவத்தை மாற்றுவதும், திரளை உறைய வைத்துச் சேமிப்பதும் இதற்காக வந்த வழிகள். எதை ஏற்பது, எதைத் தடுப்பது என்பதை ஒவ்வொரு சீஸின் விதித்தொகுப்பும் தனித்தனியே முடிவு செய்கிறது. 'பெயரைக் காப்பது' என்பதன் உள்ளடக்கம் இப்படிப்பட்ட முடிவுகள்தாம்.

பெயருக்குக் காவல் வந்த கதை

1411-இலேயே அரசர் ஆறாம் சார்ல், ரோக்ஃபோர் சீஸைப் பதப்படுத்தும் தனியுரிமையை அந்த ஊராருக்குத் தந்தார். ஆனால் இன்றைய ஏற்பாட்டின் வேர் ஒயினில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. சரக்கு குறைந்ததும் போலி ஒயின் பெருகியது. கலப்படத்துக்கு எதிராக 1905-இல் ஒரு சட்டம் வந்தது. ஷாம்பெய்ன் என்ற பெயரின் எல்லை எது என்ற சண்டை 1911-இல் தெருக் கலவரமாகவே வெடித்தது. 1919-இல் பிறப்பிடப் பெயர்களுக்கென்று தனிச் சட்டம், 1925-இல் ரோக்ஃபோருக்குத் தனிச் சட்டம், 1955-இல் சீஸ் பெயர்களுக்கென்று ஒரு தேசியக் குழு என்று படிப்படியாக வளர்ந்தது. 1935-இல் ஒயினுக்காகத் தொடங்கிய அமைப்பு பின்னர் 'இனாவோ' என்ற பெயர் பெற்றது. 1990-இல் சீஸ் உட்பட எல்லா வேளாண் பொருள்களும் அதன் பொறுப்பில் வந்தன. ஐரோப்பிய அளவில் 1992-இல் முதல் ஒழுங்குவிதி வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2024-இல் வந்தது.

வெள்ளாட்டுப்பால் சீஸ்களில் முதலில் ஏ.ஓ.சி. பெற்றது 'பூலின்யி-சேன்-பியேர்', 1972-இல். அதன்பின் 1975-இல் செல்-சூர்-ஷேர், 1976-இல் குரோத்தான் த ஷவின்யோல், 1983-இல் பிகோதோன் என்று வரிசை நீண்டது. 2020-இல் 'புரூஸ் தியூ ரோவ்' ஐரோப்பியப் பதிவு பெற்றபோது எண்ணிக்கை 15 ஆனது.

ஒரு பெயர் காப்புப் பெறும் வழி இது:

1. தனி ஒருவர் விண்ணப்பிக்க முடியாது. பால் தருபவர், சீஸ் செய்பவர், பதப்படுத்துபவர் எல்லாரும் ஒரு சங்கமாகச் சேர வேண்டும்.

2. சங்கம் ஒரு விதித்தொகுப்பை எழுதும். எந்த ஊர்கள், எந்த இன ஆடு, என்ன தீனி, எத்தனை மணி நேரம் திரள வேண்டும், அச்சின் அளவு, குறைந்தது எத்தனை நாள் பதப்படுத்த வேண்டும் என்பது வரை அதில் இருக்கும்.

3. இனாவோ ஆட்களை அனுப்பி ஆராயும். ஆட்சேபம் சொல்ல நாட்டுக்குள் வாய்ப்புத் தரப்படும். அரசு ஒப்புதல் தந்தால் ஏ.ஓ.சி.

4. கோப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸுக்குப் போகும். பிற நாடுகளின் ஆட்சேபக் காலம் கழிந்தபின் ஏ.ஓ.பி. பதிவு.

5. அதற்குப்பின் ஓயாத கண்காணிப்பு. சங்கத்தைச் சாராத தணிக்கை அமைப்பு பண்ணைகளுக்கு வந்து பார்க்கும். சீஸைச் சுவைத்துப் பார்க்கும் குழுவும் உண்டு.

இரண்டாவது படியில்தான் உண்மையான சண்டை நடக்கும். எல்லைக் கோட்டை ஒரு கிராமம் தள்ளி வரைந்தால் ஒருவருடைய பிழைப்பு போகும். பால் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினால் பெரிய ஆலைக்கு நஷ்டம். எழுதாவிட்டால் சிறிய பண்ணைக்கு நஷ்டம். விதித்தொகுப்பு என்பது பழைய வழக்கத்தின் வெறும் படப்பிடிப்பு அல்ல. எதிரெதிர் நலன்கள் கொண்டவர்கள் உட்கார்ந்து பேசிச் செய்துகொண்ட உடன்படிக்கை.

ஆற்றங்கரையிலிருந்து மலை வரை

லுவார் ஆற்றின் வடிநிலம்தான் இந்தச் சீஸ்களின் தாயகம். அங்கே ஒவ்வொரு ஊரும் தன் சீஸைத் தனி வடிவத்தில் செய்தது. பூலின்யி உயரமான பிரமிடு. அதற்கு 'ஈஃபில் கோபுரம்' என்று செல்லப்பெயர். வலான்சே, தலை வெட்டிய பிரமிடு, சாம்பல் பூசியது. எகிப்தில் தோற்றுத் திரும்பிய நெப்போலியன், பிரமிடு வடிவச் சீஸைக் கண்டு எரிச்சலுற்று வாளால் அதன் நுனியைச் சீவினான் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை, வரலாறு அல்ல. நெப்போலியனின் அமைச்சர் தாலேரான் 1803-இல் வலான்சே மாளிகையை வாங்கினார் என்பது மட்டும் உறுதி. அதே ஊரின் ஒயினும் பின்னர் காப்புப் பெற்றதால், ஒரே பெயர் தட்டிலும் கோப்பையிலும் இருக்கிறது. செல்-சூர்-ஷேர் தட்டையான வட்டு. ஷபிஷூ தியூ புவாத்து சிறிய அடைப்பான் போன்றது. 732-இல் புவாத்தியே போரில் தோற்ற அரபுப் படையினர் விட்டுச்சென்ற ஆடுகளால்தான் இந்தப் பகுதிக்குச் சீஸ் வந்தது, 'ஷபிஷூ' என்பதே அரபுச் சொல்லின் திரிபு என்றெல்லாம் சொல்வார்கள். ஆடு வளர்ப்பு அங்கே அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது.

சேந்த்-மோர் த தூரேனின் வைக்கோல் தண்டு அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. ரை தானியத்தின் தாள் அது. நீண்ட, மெல்லிய, அழுத்தப்படாத சீஸ் உடையாமல் கையாள அது முதுகெலும்பாக நிற்கிறது. பழைய பயன்பாட்டின் மேல் புதிய பயன்பாடாக, போலியிலிருந்து பிரித்துக்காட்டும் முத்திரையாகவும் அதையே ஆக்கிக்கொண்டார்கள். சங்கத்தினரின் இந்த யோசனை பாராட்டத்தக்கது. உறையைப் பிரித்துப் போட்ட பிறகும், சீஸைத் தட்டில் வைத்த பிறகும் அடையாளம் அதோடு கூடவே இருக்கிறது.

சான்செர் ஒயின் விளையும் குன்றுகளில் ஷவின்யோல் இருக்கிறது. திராட்சை வேலை செய்த குடும்பங்கள் வீட்டுத் தேவைக்கு ஓரிரு ஆடு வைத்திருந்தன. வெள்ளாட்டை 'ஏழையின் பசு' என்று நாம் சொல்வதைப் போலவே பிரெஞ்சுக்காரரும் சொல்கிறார்கள். அதன் விதித்தொகுப்பு ஆல்பீன் இன ஆட்டின் பாலை மட்டுமே ஏற்கிறது. 'குரோத்தான்' என்ற சொல்லுக்குச் சாண உருண்டை என்று ஒரு பொருள் இருப்பதால் பலர் முகம் சுளிப்பார்கள். களிமண்ணால் செய்த சிறு எண்ணெய் விளக்கின் பெயரிலிருந்து வந்தது, சீஸுக்கான அச்சும் அந்த வடிவத்தில் இருந்தது என்பது அந்த ஊரார் தரும் விளக்கம்.

தெற்கே போகப் போகச் சீஸ் சிறுத்துக்கொண்டே போகிறது. லோத் பகுதியின் ரோகமதூர் வெறும் 35 கிராம். முன்பு அதற்குக் 'கபெகூ' என்று பெயர். தென் பிரான்ஸின் பழைய மொழியான ஒக்சிதானில் 'சின்ன ஆடு'. ரோன் ஆற்றின் இரு கரைகளிலும், ஆர்தேஷிலும் துரோமிலும், செய்யும் பிகோதோனின் பெயர் அதே மொழியில் காரத்தை, குத்தும் சுவையைக் குறிக்கிறது. அதைத் திரும்பத் திரும்பக் கழுவி ஒரு மாதத்துக்குமேல் வைக்கும் தியூல்ஃபி ஊர் முறையில் அந்தக் காரம் முழுமையாக வெளிப்படும். செவென் மலைகளின் பெலார்தோனும் இந்தக் குடும்பமே.

புரோவான்ஸில் கதை மாறுகிறது. வெயில் கடுமையான அந்த மண்ணில் பாலை ஒரு நாள் முழுவதும் குளிர்ச்சியாக வைத்துப் புளிக்கவிடுவது கடினம். ஆகவே பானோன் என்ற சீஸை ரென்னெட் கூட்டிச் சேர்த்து விரைவில் திரளவைக்கிறார்கள். பிறகு பழுப்பேறிய கஷ்கொட்டை இலைகளில் பொதிந்து ராஃபியா நாரால் கட்டி வைப்பார்கள். குறைந்தது 15 நாள் பதப்படுத்த வேண்டும். அதில் 10 நாள் இலைக்குள். இலையைப் பிரித்ததும் உள்ளே சீஸ் ஏறக்குறைய ஒழுகும் நிலையில் இருக்கும். வாழை இலையில் பொதிந்த பண்டத்தின் மணம் அறிந்தவர்களுக்கு, இலை எப்படி உணவின் பகுதியாகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்சேய் நகரை ஒட்டிய 'புரூஸ் தியூ ரோவ்' இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. நீண்ட முறுக்குக் கொம்புகள் கொண்ட ரோவ் இன ஆட்டின் பாலைச் சூடாக்கி, வினிகர் விட்டுத் திரிய வைத்து, குறுகிய நீள் குழாய்களில் வடியவிடுகிறார்கள். ரென்னெட் இல்லை, பதப்படுத்தல் இல்லை. செய்முறையில் அது நம் பனீருக்கு நெருங்கிய உறவு. மார்சேய் தெருக்களில் ஒரு காலத்தில் கூவி விற்றார்கள். பிறகு 'புரூஸ்' என்ற பெயரில் பசும்பால் சரக்கு சந்தையை நிறைத்தது. மலையில் ஆடு மேய்க்கும் சில குடும்பங்கள் பல ஆண்டுகள் போராடிப் பெயரைத் திரும்பப் பெற்றன. இந்த ஏற்பாடு எதற்காக இருக்கிறது என்று கேட்டால், என் கணக்கில் முதல் விடை இதுதான்.

ஆல்ப்ஸ் மலையின் ஷெவ்ரோத்தான் பண்ணைகளில் மட்டுமே செய்யப்படுவது; ஆலைக்கு அங்கே இடமில்லை. புர்கோன்யின் மாகோனேயும் ஷரோலேயும் மாட்டுக்குப் பெயர்போன நிலத்தில் பிழைத்துக்கொண்ட வெள்ளாட்டுப்பால் சீஸ்கள்.

எது காக்கப்படுகிறது, எது காக்கப்படவில்லை

குழப்பத்தின் மையம் இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. காக்கப்படுவது பெயர், செய்முறை அல்ல. தூரேனுக்கு வெளியே யாரும் அதே முறையில் உருளைச் சீஸ் செய்யலாம். அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. 'அந்த மாதிரி', 'அந்த பாணி' என்று சேர்த்துச் சொன்னாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது குற்றமே.

2. முழுப் பெயர்தான் காக்கப்படுகிறது. அதன் எல்லாத் துண்டுகளும் அல்ல. காப்பு வருவதற்கு முன்பே பிற பகுதி ஆலைகள் 'சேந்த்-மோர்' என்ற பெயரில் உருளைச் சீஸ் செய்து விற்றுப் பரப்பிவிட்டன. ஆகவே 1990-இல் அந்தச் சொல் பொதுச் சொத்தாகிவிட்டிருந்தது. தூரேன்காரர்களால் ஒட்டோடு சேர்த்துத்தான் காக்க முடிந்தது. 'குரோத்தான்' கதையும் அதேதான், யாரும் பயன்படுத்தலாம். 'ஷவின்யோல்' என்ற ஊர்ப் பெயரைத் தொட முடியாது. தாமதித்த ஊர் எதை இழக்கிறது என்பதற்கு இவை கண்கூடான சாட்சிகள். ஒருமுறை பதிவான பெயர் அதன்பின் பொதுப்பெயராகச் சரிந்துவிடாது என்று சட்டம் உறுதி தருகிறது. பதிவுக்கு முன்னால் போனது போனதுதான்.

3. வடிவம் தனியே காக்கப்படவில்லை. ஆனால் ஏமாற்றப் பயன்பட்டால் தடுக்கலாம். ஐரோப்பிய நீதிமன்றம் 2020 டிசம்பரில் மொர்பியே என்ற பசும்பால் சீஸ் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. மொர்பியேயின் நடுவே ஒரு கருங்கோடு ஓடும். பெயரைச் சொல்லாமலே அந்தக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும், வாங்குபவர் மயங்க வாய்ப்பிருந்தால் அது மீறலாகலாம் என்றது நீதிமன்றம். அதற்கு முந்தைய ஆண்டு மான்செகோ என்ற ஸ்பெயின் சீஸ் வழக்கில், அந்தப் பகுதியை நினைவூட்டும் காற்றாலை, குதிரைப் படங்கள்கூடப் பெயரைத் தூண்டி நினைக்கவைப்பதாகக் கொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. பிரமிடு வடிவமும் வைக்கோலும் வைத்துப் பிழைப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்புகள் பெரிய பலம்.

4. சிறுபண்ணை என்ற உத்தரவாதம் இதில் இல்லை. பெரிய ஆலையும் விதிகளைப் பின்பற்றினால் ஏ.ஓ.பி. முத்திரை பெறும். பண்ணைக்காரர் தன் ஆடுகளின் பாலில் தானே செய்ததா என்று அறிய 'ஃபெர்மியே' என்ற சொல்லைத் தேட வேண்டும். பூலின்யியில் பண்ணைச் சீஸுக்குப் பச்சை நிறச் சீட்டும் ஆலைச் சீஸுக்குச் சிவப்புச் சீட்டும் இருப்பது வழக்கம்.

5. இது வணிக முத்திரை போன்றதும் அல்ல. ஒரு நிறுவனம் தன் முத்திரையை விற்கலாம். ஆலையை வேறு நாட்டுக்கு மாற்றி அதே பெயரில் செய்யலாம். ஏ.ஓ.பி. பெயரை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, விற்க முடியாது, ஊரை விட்டு எடுத்துப்போக முடியாது. எல்லைக்குள் புதிதாக ஆடு வாங்கி விதிப்படி சீஸ் செய்யத் தொடங்கும் இளைஞருக்கும் அதே பெயர் உரிமை உண்டு. கடைசியாகச் சொன்ன இந்த வேறுபாடுதான் மற்ற நான்கையும்விட முக்கியமானது.

எல்லைக்கு வெளியே

ஐரோப்பாவைத் தாண்டினால் இந்தக் காவல் மெலிகிறது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வணிக அமைப்பின் 'டிரிப்ஸ்' உடன்படிக்கை ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் வலுவான காப்புத் தருகிறது. சீஸ் உள்ளிட்ட மற்றவற்றுக்கு, வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார் என்று காட்டினால்தான் பலன். இந்த இடைவெளியை நிரப்பவே ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே பெயர்ப் பட்டியல் போட்டு ஒப்பந்தம் செய்கிறது. சீனாவோடு செய்தது 2021 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. இரு பக்கமும் 100 பெயர்கள். இந்தியாவோடு தனிப் பேச்சு எதற்கு என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். அதில் எதிர்த்திசையும் உண்டு: டார்ஜிலிங் தேயிலை 2011-இலேயே ஐரோப்பாவில் ஐ.ஜி.பி. பெற்றுவிட்டது.

அமெரிக்காவில் தடை வேறு வடிவில் வருகிறது. அங்கே பச்சைப்பால் சீஸ் குறைந்தது 60 நாள் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். லுவார் சீஸ்கள் பத்துப் பதினைந்து நாளிலேயே தின்னத் தயாராகிவிடுபவை. பாலைக் காய்ச்சினால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிரெஞ்சு விதிப்படி பெயர் போய்விடும். காய்ச்சாவிட்டால் அமெரிக்க எல்லை தாண்டாது. அதனால் அங்கே விற்கும் பிரெஞ்சு வெள்ளாட்டுப்பால் சீஸ்கள் பெரும்பாலும் காய்ச்சிய பாலில் செய்து வேறு பெயரில் போனவை.

மழை பொய்த்தால்

ஊரோடு கட்டிய பெயருக்கு ஒரு விலை உண்டு. தீனியின் பெரும்பகுதி அந்தப் பகுதியிலேயே விளைய வேண்டும், ஆடு அந்த மலையிலேயே மேய வேண்டும் என்று விதி இருக்கும்போது வறட்சி வந்தால் என்ன செய்வது? வெளியூர் வைக்கோல் வாங்கினால் விதி மீறல். வாங்காவிட்டால் ஆடு பட்டினி.

2022 கோடையில் பிரான்ஸைக் கடும் வறட்சி தாக்கியது. ஒவேர்ன் பகுதியின் சாலேர் என்ற பசும்பால் சீஸ், மாடுகளுக்கு மேய்ச்சல் புல்லே இல்லாததால் ஆகஸ்டில் உற்பத்தியையே நிறுத்தியது. பல ஏ.ஓ.பி. சங்கங்கள் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தக் கேட்டன. சட்டம் இதற்கு இடம் தருகிறது: இயற்கைப் பேரிடரை அரசு அறிவித்தால், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எந்த விதி தளர்கிறது என்று குறித்து ஆணை வெளியிடலாம். நாள் முடிந்ததும் பழைய விதி திரும்பும்.

எப்போதோ ஒருமுறை வரும் பஞ்சத்துக்கு இது போதும். அடிக்கடி வரும் பஞ்சத்துக்குப் போதாது. விதித்தொகுப்பையே நிரந்தரமாகத் திருத்த வேண்டுமென்றால் சங்கம் கூடி, இனாவோ ஆராய்ந்து, ஆட்சேபக் காலம் கழிந்து, மீண்டும் அதே நீண்ட பாதை. இந்தக் கேள்வியில் இரண்டு தரப்பு நிற்கிறது. தீனி விதியைத் தளர்த்தினால் சீஸுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு வெறும் சொல்லாகிவிடும் என்பது ஒரு தரப்பு. தளர்த்தாவிட்டால் மேய்ப்பவர்களே இல்லாமல் போவார்கள் என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் தீனி விதியைத்தான் கடைசியில் தொட வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் மந்தையைச் சுருக்குவது, பால் இல்லாத மாதங்களில் சீஸும் இல்லை என்று கடைக்காரரிடம் சொல்வது ஆகிய வழிகள் இருக்கின்றன. வெள்ளாட்டுப்பால் சீஸுக்குக் குளிர்காலத்தில் இடைவெளி விடுவது புதிய தியாகம் அல்ல, பழைய வழக்கம்.

பானோனின் விதித்தொகுப்பில், ஆடுகள் ஆண்டுக்குக் குறைந்தது 210 நாள் வெளியே மேய வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. புரோவான்ஸ் மலைச்சரிவில் ஓக் தழையும் முட்புதரும் தின்று நடக்கும் ஆடுகளை வைத்து எழுதிய வரி அது. அந்தச் சரிவுகளில் கோடைப் பசுமை முன்கூட்டியே கருகத் தொடங்கிய பிறகும், உறையில் பானோன் என்று எழுத வேண்டுமானால் மேய்ப்பவர் அந்த 210 நாளையும் நடந்தே கணக்குக் காட்ட வேண்டும்.